மாடிக் கதவை யார் திறக்கலாம்

பிரபு,

உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை நம் குடும்பக் குரூப்பிலும் போடப்போகிறேன். பதறாதே. உன் சித்தி நாலு பேர் நடுவில் பேசிய பேச்சுக்கு நான் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. நிவேதாவுக்கு முழுவதையும் அனுப்பிப் படிக்கச் சொல்லி, அவள் சரியென்ற பிறகுதான் அனுப்புகிறேன். சில விஷயங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவை என்னவென்று கேட்காதே. போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றுகொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகக் கேட்கிறது. எழுத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. உன் பெண்டாட்டி வண்டலூரில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. "என்னதாம்மா நடந்தது, யாரும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறீங்க" என்று தினமும் கேட்கிறாய். அடுத்த வாரம் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்குவதற்குள் தெரிந்துகொள். நடந்தது இதுதான்.

பக்கத்துத் தெருவில் பூட்டியிருந்த வீட்டை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்த வாரம்தான் உனக்கு வெளிநாட்டு வேலை உறுதியானது. கீழே வயதான நாங்கள் இரண்டு பேர், மாடியில் நிவேதா தனியாக. உன் பயம் நியாயமான பயம், அதை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். கேட்டுக்கு ஒரு கேமரா, மாடிப்படிக்கு ஒன்று, மாடி ஹாலுக்கு ஒன்று. மாடிக் கதவுக்கு, போனிலிருந்தே திறக்கிற நம்பர் பூட்டு. பொருத்த வந்தவர் "யார் நம்பர்ல சார் ரிஜிஸ்டர் பண்றது?" என்று கேட்டார். "அம்மா நம்பர்ல போடுங்க, அவங்கதான் எப்பவும் வீட்ல இருப்பாங்க" என்றாய். அவர் நிவேதாவைக் காட்டி "மேடத்துக்கு?" என்றார். "அவளுக்குக் கதவு தொறக்கற மாதிரி மட்டும் குடுங்க போதும். எதையாவது அமுக்கி வெச்சிடுவா" என்றாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவள், ஆசிட் பாட்டில்கள் இருக்கும் அறையின் சாவியை நம்பி ஒரு டிபார்ட்மென்டே அவளிடம் கொடுத்திருக்கிறது. அவள் எதை அமுக்கி வைத்துவிடுவாள்? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆக, அந்த ஆப்பில் நான் சொந்தக்காரி, நீ சகலமும் பார்க்கக்கூடியவன், குடியிருக்கிற அவள் வந்துபோகிற ஆள்.

படமெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று உன் அப்பா அவரிடம் கேட்டார். "கிளவுட்ல இருக்கும் சார், நீங்க எங்கிருந்து வேணா பாக்கலாம்" என்றார் அவர். "மேகத்துல இருந்தா, மழை பெய்ஞ்சா எல்லார் வூட்டு மேலயும்தான விழும்?" என்று அப்பா மெட்ராஸ் பாஷையில் கிண்டலடித்தார். நாம் மூன்று பேரும் அவரை ஒரு மாதிரி பார்த்தோம். இப்போது நினைத்தால் அன்று அந்த ஹாலில் உருப்படியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நம் வீட்டுக்கென்று ஒரு பழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? மாடம்பாக்கத்தில் வீடு கட்டி வந்த நாளிலிருந்து சாவி கரன்ட் மீட்டர் பெட்டிக்குள்தான் இருக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கேதான் கைவிடுவாய். வேலை செய்கிற மல்லிகாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு குடும்பம், ஒரு சாவி. அதில் நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆப்புக்கும் அதையே செய்தோம். வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டோ அதே பாஸ்வேர்டு. உன் பெயர், பக்கத்தில் நீ பிறந்த வருடம். நம்மைத் தெரிந்த யாரும் இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் மீட்டர் பெட்டிச் சாவியில் ஒரு நல்ல குணம் உண்டு. அதைச் சித்தி எடுத்துப் போயிருந்தால் பெட்டி காலியாக இருக்கும், நமக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாஸ்வேர்டை எத்தனை பேர் எடுத்துப் போனாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. யார் உள்ளே வந்தார்கள், யார் இன்னும் வெளியே போகவில்லை, எதுவும் தெரியாது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய என் மருமகள் வீட்டைவிட்டுப் போகவேண்டியிருந்தது.

முதலில் நான் கேட்டைத்தான் பார்த்தேன். பால் வந்ததா, கூரியர்காரன் மதில் மேல் வைத்துவிட்டுப் போனானா, அவ்வளவுதான். பிறகு விரல் தானாகப் பக்கத்துப் படத்துக்குப் போனது. மாடி ஹாலில் விளக்கு எரிகிறதே, இன்னும் தூங்கவில்லையா? சோபாவில் சாய்ந்திருக்கிறாளே, உடம்பு சரியில்லையா? சத்தியமாகச் சொல்கிறேன், அக்கறையாகத்தான் தொடங்கியது. ஆனால் பார்த்தது வாயில் வராமல் இருக்குமா? "என்னம்மா, மத்தியானம் நல்ல தூக்கம் போல?" "நேத்து ராத்திரி நூடுல்ஸா? கீழ வந்திருந்தா தோசை வார்த்திருப்பேனே." ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்துவதைச் சமையலறை மேடைக்கு மாற்றிக்கொண்டாள். பெண்ணுக்குச் சமையலறை பிடித்துப்போய்விட்டது என்று உன் அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். சமையலறைக்கு அந்தக் கேமரா எட்டாது என்பது என் மரமண்டைக்கு ஏறவேயில்லை.

நீ மட்டும் யோக்கியமா? கதவு திறந்தால் உன் போனுக்கும் தகவல் வரும்படி வைத்துக்கொண்டாய். ஆபீசில் உட்கார்ந்தபடி "என்ன, இப்பதான் வந்தியா? மறுபடி எதுக்குக் கதவு தொறந்துச்சு?" என்று அவளுக்கு மெசேஜ் போட்டாய். தூரத்தில் இருக்கிறோம், இப்படியாவது கூடவே இருக்கலாம் என்று நினைத்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? தான் எப்போது குப்பை கொட்டப் போனாலும் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அவளே சொன்னது. கூட இருக்கிறவன் "சாப்பிட்டியா, தலைவலி போச்சா" என்று கேட்பான். கதவு எத்தனை முறை திறந்தது என்று கேட்கிறவன் வாட்ச்மேன்.

அதற்குப் பிறகு நானும் அப்பாவும் ராமேஸ்வரம் போனோம். போகிற அவசரத்தில் குரோம்பேட்டையில் இருக்கிற உன் சித்திக்குப் போன் செய்து, "வீட்டை ஒரு கண்ணு பாத்துக்கோடி" என்று பாஸ்வேர்டைச் சொன்னேன். சித்திக்கா, கரும்பு தின்னக் கூலி வேண்டுமா! ஊரிலிருந்து திரும்பி வந்து அவளுக்குப் பிரசாதம் கொடுத்தேன், ஸ்படிக மாலை கொடுத்தேன், கொடுத்திருந்த அனுமதியைத் திரும்ப வாங்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். திரும்ப வாங்க வேண்டிய பொருள் அது என்றே எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சிதானே.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. நீ லீவில் வந்துவிட்டுப் போன அடுத்த மாதம், ஒரு நாள் காலையில் நிவேதா மாடி ஹாலில் நின்றபடி தன் அம்மாவிடம் போனில் பேசியிருக்கிறாள். கேமராவுக்குக் காது உண்டு என்பது நமக்கே பாதி மறந்துபோன விஷயம். "டெஸ்ட் பண்ணிட்டேம்மா. ஆமா. அவர்கிட்ட இன்னும் சொல்லல. ஞாயித்துக்கெழமை சொல்லணும்" என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே சமைப்பாயாமே, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு. அன்றுதான் உன் முகம் முழுதாகத் தெரியுமாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் அத்தனை பெரிய சந்தோஷத்தை வயிற்றிலும் வாயிலும் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சித்தி அதைக் குரோம்பேட்டையில் காபி குடித்துக்கொண்டே கேட்டாள். உடனே எனக்குப் போன். "அக்கா, நீ பாட்டியாகப் போற! சொல்லவே இல்ல?" எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன், சொன்னாள், அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. மாடிக்கு நாலு படி ஏறி நிவேதாவைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் உனக்குப் போன் போட்டேன். நீ குதித்தாய். அப்படியே அவளைக் கூப்பிட்டு "அம்மா சொன்னாங்க!" என்றாய். இத்தனையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

அவள் கீழே இறங்கி வந்து, "அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான், உன் அம்மா, பொய்க்கணக்கு எழுதினால் வேலை போய்விடும் என்ற பேங்கில் வாழ்நாளைக் கழித்தவள், "உன் மொகத்தப் பாத்தாலே தெரியாதாம்மா" என்று பொய் சொன்னேன். அதை நம்ப அவள் முயற்சி செய்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியின் பேத்திக்குக் காது குத்து. சாப்பாட்டுப் பந்தியில் யாரோ நிவேதாவிடம் "விசேஷமாமே" என்றார்கள். "எங்களுக்கு அப்பவே தெரியும்! உங்கம்மாகிட்ட நீ போன்ல சொன்னியே, ஹால்ல நின்னுக்கிட்டு, அந்த மஞ்ச நைட்டில. நான் கேமரால பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்றாள் சித்தி. பெருமையாகச் சொன்னாள், பிரபு. கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நிவேதா இலையை மூடி எழுந்து கை கழுவினாள். என்னிடம் வந்து, "அத்தை, நான் வண்டலூர் போறேன்" என்றாள். அவ்வளவுதான். அங்கிருந்தே ரயிலேறிப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். "இதுக்கெல்லாமா கோவிச்சுக்கிட்டுப் போவாங்க? என்ன கெட்ட சேதியா சொல்லிட்டோம்? நல்ல சேதிதான?" அப்பா வேஷ்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "நல்ல சேதிதான். யாரோட சேதி?" என்றார். பிறகு டிவி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் தாம்பரம் கிளையில் லாக்கர் பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே வேலை எப்படி நடக்கும் என்று உனக்கு நான் விளக்கியதில்லை. ஒரு லாக்கருக்கு இரண்டு சாவி. முதலில் நான் பேங்க் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும், பிறகு வாடிக்கையாளர் தன் சாவியைப் போட வேண்டும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. என் சாவியைத் திருப்பியதும் அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கதவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் எவர் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒரு பொட்டுகூட எனக்குத் தெரியாது. ஒருமுறை ஒருவர் தன் மனைவியின் லாக்கர் சாவியோடு வந்தார். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றார். தெரிந்தவர், மரியாதையானவர், சரியான சாவி. ஆனால் அந்த லாக்கரைத் திறக்க அவருக்கு அனுமதி எழுதித் தரப்படவில்லை. "நம்ம சார்தானம்மா, தொறந்து விடுங்க" என்று மானேஜரே சொன்னார். நான் திறக்கவில்லை. சாவி கையில் இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு சார் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம், நிஜமாகவே அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையுமில்லை. ஊரார் பெட்டிக்கு இத்தனை காவல் காத்தவள், சொந்த மருமகளின் ஹாலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான்.

மறுநாள் ரயிலேறி வண்டலூர் போனேன். சம்பந்தி அம்மா வாசலிலேயே நின்று "வாங்க" என்றார். கூடவே வழக்கமாக வரும் "உக்காருங்க, காபி சாப்பிடுங்க" அன்று வரவில்லை. நிவேதாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ரயிலில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "உன் பாதுகாப்புக்குத்தான்மா வெச்சது" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்குத் தெரியும் அத்தை. திருடன் வந்தா பாக்கறதுக்கு. திருடன் வரல. நான்தான் வந்துக்கிட்டும் போயிக்கிட்டும் இருந்தேன்."

"தப்புதாம்மா. இனிமே நான் பாக்க மாட்டேன்."

"நீங்க பாத்தது எனக்குத் தெரியும். அவர் பாத்தது தெரியும். அத சகிச்சுக்கிட்டேன். இங்க ஜூல இருக்கற சிங்கத்துக்குக்கூட யார் தன்னப் பாக்கறாங்கன்னு தெரியும் அத்தை, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க. எனக்குத் தெரியலையே. இன்னும் யார் யார் இருக்காங்க? உங்களுக்காவது தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரியாது. அவள் என் போனை வாங்கவில்லை, கவனி. என் கையிலேயே வைத்து, எங்கே தொட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று அதில் இருக்கிறது. இத்தனை நாளாக நான் அதைத் திறந்ததேயில்லை. என் போன் இருந்தது. உன் போன். சித்தியின் போன். அதற்குக் கீழே சித்தியின் பேரிலேயே இன்னொரு போன். அதற்கும் கீழே, பொருத்த வந்தவர் அன்று சரிபார்ப்பதற்காகச் சேர்த்துக்கொண்ட அவருடைய நம்பர். நீக்கவேயில்லை. நான் அங்கிருந்தே சித்தியைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு போனா? அந்தப் பழசா? அத தீபாவளிக்கே எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேனேக்கா."

"அழிச்சிட்டுக் குடுத்தியாடி?"

"அழிக்கிறதுன்னா?"

பிரபு, அந்தப் போன் இப்போது எந்த ஊரில், எவன் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரும் அதைத் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். திறந்தும் பார்த்திருக்கலாம். திருடனுக்குப் பயந்து வைத்த கண்ணை, முகம் தெரியாத ஒருவன் கையில் நாமே கொடுத்துவிட்டு, உன் பெண்டாட்டியை அதற்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தோம். அழுதுவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்கும் முகம் வெளுத்துவிட்டது. நிவேதா அழவில்லை. "ஒண்ணொண்ணா எடுங்க அத்தை" என்றாள். எடுத்தேன். அந்தப் பழைய போன், பொருத்தியவர், சித்தி. பாஸ்வேர்டையும் மாற்றினேன். உன் பெயரும் இல்லை, பிறந்த வருடமும் இல்லை.

சித்தி இதைப் படிப்பாள். படிக்கட்டும். அவளுக்கு என்மேல் வருத்தம், "என்னை நீக்கிட்டியாமே" என்றாள். அவளுக்கும் உனக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, போண்டாவும் கேசரியும் கொடுத்து, என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவர் கம்ப்யூட்டரில் என் அனுமதியை ரத்து செய்துகொண்டிருந்தார். விழா முடிந்து என் மேஜைக்குப் போனால் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. அன்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. இத்தனை வருடம் உழைத்தவளை ஒரு மாலை வாடுவதற்குள் வெளியே தள்ளிவிட்டார்களே என்று. என்னைச் சந்தேகப்பட்டுச் செய்ததில்லை அது. வேலை முடிந்தது, அதற்கான சாவியும் முடிந்தது. நாளைக்கு அங்கே ஏதாவது தப்பு நடந்தால் என் பெயர் அதில் வராது. அது எனக்கான காவலும்தான். சித்தியை நீக்கியதும் அப்படித்தான். பாசத்துக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை, அவள் எப்போது வந்தாலும் கீழ்வீட்டில் அவளுக்கு இலை உண்டு.

இப்போது வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், வந்து பார்த்துத் திகைக்காதே. மாடி ஹால் கேமராவை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன். சுவரில் இரண்டு ஓட்டை இருக்கிறது, பட்டி பூச வேண்டும். கேட் கேமரா இருக்கட்டும், திருட்டு பயம் பொய்யில்லை. அது கீழ்வீட்டுக் கணக்கில், என் பொறுப்பில். கீழ்க் கதவுக்கும் இப்போது நம்பர் பூட்டு போட்டாயிற்று. மல்லிகாவுக்கு அவளுக்கென்று தனி நம்பர், காலையில் மட்டும் அந்தக் கதவைத் திறக்கும். "என்னம்மா, என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றாள். "நம்பிக்கை இருக்கறதாலதான் உனக்குன்னு தனி நம்பர். நாளைக்கு ஒண்ணு காணாம போனா உன்னைப் பாத்து எவனும் விரல் நீட்டக் கூடாது பாரு" என்றேன். யோசித்துவிட்டு "அதுவும் சரிதான்" என்றாள். நீ கம்ப்யூட்டரில் இதைத்தானே தொழிலாகச் செய்கிறாய்? எந்த ஊழியன் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம், எதுவரை என்று ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் வரம்பு கட்டிக் கொடுக்கிறவன், உன் வீட்டில் உன் பெண்டாட்டியைக் கேட்காமலே அவளைப் பார்க்கலாம் என்று எப்படித் தீர்மானித்தாய்? உன்னைத் திட்டவில்லை. நானும்தான் தீர்மானித்தேன். பிரியம் இருந்தால் வரம்பு வேண்டாம் என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம். பிரியம் இருக்கிற இடத்தில்தான் ஆள் வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்ல முடியாமல் தவிப்பாள், அங்கேதான் வரம்பு அதிகமாக வேண்டும்.

மாடிப்படிக் கேமராவும் மாடிக் கதவும் இப்போது நிவேதாவின் பெயரில். இரண்டாம் முறை வண்டலூர் போனபோது அதைச் செய்தேன். நான் கொடுத்தால் மட்டும் போதாது, அவள் போனில் அவள் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நாளைக்குப் பண்றேன் அத்தை" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் மாறியிருந்தது. என் போனிலிருந்து மாடி மறைந்துவிட்டது. மாற்றிக் கொடுப்பதற்கு முன்னால் உன்னையும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தது நான், அவளில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டு. உன்னைச் சேர்ப்பதா, சேர்த்தால் எதுவரை, என்பதை அவள் முடிவு செய்வாள். "என்னைச் சேத்துக்கோ" என்று போனில் கெஞ்சாதே, குரலை உயர்த்தவும் உயர்த்தாதே. அவள் திரும்பி வருவதாக என்னிடம் இதுவரை சொல்லவில்லை. இதெல்லாம் செய்தேனே, வருவாயா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் அது பேரமாகிவிடும்.

விமானம் இறங்கியதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போ. தாம்பரத்தில் நம் வீட்டுப் பக்கம் மேம்பாலம் ஏறாதே. அம்மாவைப் பார்த்துவிட்டு, குளித்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு என்று ஆரம்பிக்காதே. பெட்டியோடு வண்டலூருக்குப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று பெல் அடி. திறக்க நேரமானால் நில். அவள் உனக்குச் சொல்ல நினைத்து நாங்கள் தட்டிப் பறித்ததை, அவளுக்குத் தோன்றினால், மறுபடி முதலிலிருந்து சொல்வாள். தெரிந்த கதைதானே என்று முகத்தில் காட்டாதே. முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேள். உண்மையில் அவள் வாயால் நீ கேட்கப்போவது அதுதான் முதல் தடவை.

அடுத்து டாக்டரிடம் எப்போது போகிறாள், ஸ்கேன் எப்போது, குழந்தை எப்படி இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையில் தூக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அவள் உன்னிடம் எல்லாம் சொல்வாள். அவளாகச் சொல்லச் சொல்லும்வரை என்னிடம் எதையும் சொல்லாதே. நான் கேட்பேன், என் குணம் எனக்குத் தெரியும். அழுதுகூடக் கேட்பேன். அப்போதும் சொல்லாதே.

அம்மா